ரெண்டு படி, ஒரு வாஷிங்மெஷின்

வாஷிங்மெஷின் நெற்றியில் '7 கிலோ' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதை நம்பி யாரும் குனிந்து கை வைத்துவிடாதீர்கள் சார்! அது துணிக்குச் சொன்ன கணக்கு. முன்பக்கம் கதவு வைத்த மெஷினாக இருந்தால் அதன் சொந்த எடை 60, 70 கிலோ. நிரம்பிய கேஸ் சிலிண்டர் சுமார் 30 கிலோ. ஆக, ரெண்டு சிலிண்டரை ஒரே பெட்டியில் அடைத்து, தூக்க ஒரு பிடிகூட வைக்காமல் விற்கிறார்கள். (பி.காம். படித்தவனுக்கு இந்த அளவு கூட்டல் வரும்.)

அந்த எடைக்கு இரும்பு மட்டும் காரணமில்லை. உள்ளே கான்கிரீட் கட்டி! உருளை ஸ்பிரிங்கில் தொங்குகிறது. நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றும்போது ஈரப் போர்வை ஒரு பக்கமாக ஒதுங்கினால், மெஷின் கிளம்பி ஹாலுக்கே வந்துவிடும். அதைப் பிடித்து வைக்கத்தான் கான்கிரீட். இதைக் கேட்டதும் அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராக இருந்து ரிடையரானவர். "கான்கிரீட்டா? அப்ப நம்ம டிபார்ட்மென்ட்!" என்று வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்பாவுக்கு 74 வயசு. 2019-ல் பைபாஸ் ஆனவர். கனம் தூக்கவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அம்மாவுக்கோ முழங்கால் ஆபரேஷன் ஆகி மூணு மாசம்தான். மெஷின் இருப்பது கொல்லைத் தாழ்வாரத்தில், சமையலறையிலிருந்து ரெண்டு படி கீழே. "வாளியோட நான் இறங்கறதைவிட அது ஏறி வரட்டுமே" என்பது அம்மாவின் கோரிக்கை. நியாயம்தானே? கூடவே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த மனுஷன் கை வைக்கக் கூடாது. ஆனா, வைக்காதீங்கன்னும் சொல்லிடாதே. ரெண்டு நாள் சரியா சாப்பிட மாட்டார்" என்றாள்.

உண்மைதான். 1988-ல் ஆட்டுக்கல்லை ஒண்டி ஆளாகப் புரட்டி வந்த கதையைத் தீபாவளிக்குத் தீபாவளி கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கைகளைப் பார்த்து 'நீங்க உட்காருங்க' என்று எப்படிச் சொல்வது?

வழி கண்டுபிடித்தவள் என் மனைவி. "மாமா, மெஷின் ஒரு நூல் சாய்ஞ்சிருந்தாலும் குதிக்குமாம். மட்டம் பார்க்க உங்களை விட்டா யார் இருக்கா?" அவ்வளவுதான்! பரணிலிருந்து ரசமட்டம் இறங்கியது. அதோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும். உள்ளே நாலு நீள போல்ட்டு. மெஷின் வாங்கிய அன்று பின்பக்கத்திலிருந்து கழற்றியவை. பல வீடுகளில் அன்றைக்கே காயலான் கடைக்குப் போய்விடும் சமாச்சாரம் இது. நகர்த்தும்போது திரும்ப மாட்டினால்தான் உருளை உள்ளே ஆடாமல் இருக்கும். ஓட்டுவதற்கு முன்னால் கழற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் மெஷின் பரதநாட்டியம்தான். அப்பா பாட்டிலில் தேதிகூட எழுதி வைத்திருந்தார்!

பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, அடியிலுள்ள சின்ன மூடியைத் திருகினேன். ஒரு தாம்பாளம் நிறைய அழுக்குத் தண்ணீர், ரெண்டு ஹேர்பின், ஒரு 2 ரூபாய். (வரவில் வைத்தாயிற்று.) பிறகு போல்ட்டுகளை முடுக்கினேன்.

சிலிண்டர் போடுகிற தம்பி ஞாயிற்றுக்கிழமை என்பதால் உதவிக்கு வந்தான். கனத்தோடு எப்படிப் பழகுவதென்று அவனிடம்தான் கற்க வேண்டும். "தூக்கவே தூக்காதீங்கண்ணே. சாய்ச்சு நகர்த்தணும்" என்றான். மெஷினை லேசாகச் சாய்த்து, கால்களுக்கு அடியில் ஜமுக்காளத்தை மடித்துத் திணித்தோம். ஒரு அடி உயரத்துக்கு ஆறு அடிப் பலகையைச் சாய்வாகப் போட்டான். உராய்வையும் சேர்த்தாலும், நேராகத் தூக்குகிற பாரத்தில் பாதிகூட இல்லை! மேலிருந்து அவன் ஜமுக்காளத்தை இழுக்க, பக்கவாட்டில் நின்று நானும் மனைவியும் தள்ள, "இடப்பக்கம்... இடப்பக்கம்... நிறுத்து!" என்று அப்பா ரசமட்டத்தைச் செங்கோல் மாதிரி நீட்டினார். நடுப் பலகையில் ஒரு முறை அவர் கை தானாக மெஷின் பக்கம் போனது. அம்மா அடுப்படியிலிருந்து இருமினாள். கை திரும்பிவிட்டது.

உள்ளே வந்ததும் போல்ட்டுகளைக் கழற்றி பாட்டிலில் போட்டேன். அப்பா மெஷின் தலையில் ரசமட்டத்தை வைத்துக் கண்ணைச் சுருக்கினார். "முன்னால வலது கால், அரைச் சுத்து... ம், இன்னும் கால் சுத்து." குமிழி நடுவில் வந்து நின்றது. வெறுமனே சுற்ற விட்டுப் பார்த்தோம். அசையவில்லை.

அம்மா காபி கொண்டு வந்தாள். "வேலை செஞ்சவங்களுக்கு முதல்ல" என்று அப்பாவிடம்தான் நீட்டினாள்.

"சர்க்கரை கம்மி" என்றார், வேர்வையே இல்லாத நெற்றியைத் துடைத்துக்கொண்டு.