மாமாவின் முதல் துவக்கு

போன லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "துவக்கு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். கையில காசு கொஞ்சந்தான். நீ கேம்பஸ் போற புள்ள, எது நல்லதுன்னு சொல்லு."

பசறைப் பக்கம் எங்கள் தோட்டம். லயத்துக்குக் கீழே மாமா மரவள்ளி போட்டிருந்தார். ஒரே ராத்திரியில் பாதியைக் காட்டுப்பன்றி கிளறிவிட்டது.

அவருக்கு ரெண்டு வழி. ஒன்று, லைசன்ஸ் துவக்கு. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். பயிரைக் காக்க என்று கேட்டால், யாருடைய காணி என்ற கேள்வி வரும். மாமா நட்டிருப்பது கம்பனி நிலம். "எனக்குன்னு ஒரு பேர்ச்சஸ்கூட இல்லயே"ன்னு சிரிச்சார்.

மற்றது கட்டுத்துவக்கு. குழாய் வாயால் மருந்தையும் ஈயத்தையும் இடித்து நிரப்பும் பழைய முறைதான். ஆனால் இதைத் தோளில் வைத்துச் சுடுவதில்லை. பன்றி வரும் பாதையில் கட்டி, குறுக்கே நூல் இழுத்துவிட்டு வருவார்கள். இது சட்டவிரோதம். ஆனால் விலை குறைவு. "கண்முழிக்க வேணாம் பாரு"ன்னார் மாமா.

வாய்வழி நிரப்பும் துவக்கு ஊவாவுக்குப் புதுசில்லை. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ், அந்தக் காலத்துத் துவக்குகளால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். அவர் நினைவாகக் கட்டிய புனித மாற்கு தேவாலயம் இன்னும் பதுளை டவுனில் இருக்கிறது. அவர் செய்தது கொடுமைதான். ஆனால் எதைச் சுடுகிறோம் என்று பார்த்துச் சுட்டார். கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. நூலை இழுத்தது பன்றியா, விறகுக்குப் போன அத்தையா என்று அதுக்குத் தெரியாது. பன்றி உயரத்துக்குக் கட்டுவதால் மனுசருக்குக் காலில்தான் படும்.

எங்கள் கீழ் லயத்து அண்ணன் ஒருவர் அப்படித்தான் ஒரு காலை இழந்தார். கட்டியது யாரென்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. கட்டியவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"எதையும் வாங்காதீங்க மாமா"ன்னேன்.

"சரி. அப்போ பன்றிக்கு யாரு பதில் சொல்றது?"

என்னிடம் பதில் இல்லை. லீவு முடியும்வரை ரெண்டு பேரும் மாறி மாறித் தகரம் தட்டிக் காவல் இருந்தோம். பகலில் அவர் கொழுந்துக் காட்டில் வேலைக்கும் போனார்.

இப்போ நான் கேம்பஸில். ராத்திரி கோல் எடுத்தால் மாமா கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுவார். பாவமாக இருக்கும். ஆனால் போன கிழமை, "நேத்து நல்லாத் தூங்கினேன் தம்பி"ன்னார். அதைக் கேட்டதில் இருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை.