விளிம்பு

"மாமா, இந்த லைட்டக் கொஞ்சம் சாச்சிப் புடிங்க" என்றான் மருமகன்.

ராத்தாவின் மூத்த மகன் அவன். தோஹாவில் ஏழு வருடம் வாகனம் மினுக்கும் தொழில் செய்துவிட்டு 2023இல் ஊர் திரும்பியவன். கல்முனை வீதியோரமாகத் தகரக் கொட்டிலொன்றை வாடகைக்கு எடுத்து, ஆங்கிலத்தில் 'டீட்டெய்லிங்' என்று பலகை போட்டிருக்கிறான். ஊரார் அதைக் 'கார் கழுவுற இடம்' என்றுதான் சொல்கிறார்கள். அதில் அவனுக்கு மனத்தாங்கல். நான் பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் அஸர் தொழுதுவிட்டு அங்கே போய் ஒரு தேநீர் குடித்து வருவது வழக்கம்.

அன்று அங்கே நின்றது சிவப்பு நிற மஸ்டா எம்.எக்ஸ்.5. 1990ஆம் ஆண்டு வண்டி. இரண்டு பேர் மட்டுமே அமரலாம். கூரையைப் பின்னால் மடிக்கலாம். சுவிட்சைத் தட்டினால் முன்விளக்குகள் தவளைக் கண்கள் போல் மேலெழும்பும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கும்வரை பழைய வண்டிகளுக்கு வந்த மதிப்பு நமக்குத் தெரியும். உரிமையாளர் வெளியூர் வைத்தியர் ஒருவர். வண்டியின் சிவப்பு வெயிலில் வெந்து, ரோஸ் நிறச் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளிறிப் போயிருந்தது. ஒரு பிள்ளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, விரல் நுனியை மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொண்டிருந்தது.

மருமகன் அவசரப்படவில்லை. இரண்டு வாளி வைத்துக் கழுவினான். ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துடைக்கும் கையுறையை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணீரில் அலசி மண்ணை விட்டுவிட்டே மறு வாளியில் தோய்த்தான். பிறகு களிமண் போன்ற ஒரு கட்டியை ஈரத்தோடு மேலே இழுத்தான். முதலில் அரத்தாள் தேய்ப்பதுபோல் கரகரத்தது. நாலைந்து இழுவையில் சத்தம் அடங்கியது. பெயின்டுக்குள் குத்தி நின்ற தூசும் இரும்புத் துகளும் அந்தக் கட்டியோடு வந்துவிட்டன என்பதற்கு அந்த மௌனந்தான் சாட்சி. விளிம்புகளுக்கெல்லாம் பச்சை நாடா ஒட்டினான். பின்னர் மெஷினை உதவிக்காரப் பையனிடம் கொடுத்து பொனட்டில் ஒரு சாண் இடத்தை மட்டும் செய்து பார்க்கச் சொன்னான்.

அரை நிமிடம் போயிருக்காது. பையன் அலறியடித்துக்கொண்டு மெஷினை நிறுத்தினான்.

"காக்கா! பெயின்ட் கழருது!"

மெஷினில் பூட்டியிருந்த ஸ்பொஞ்சு கோழி அறுத்த கைபோல் சிவந்திருந்தது. மருமகன் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "பயப்படாத மகன். இதுக்கு மேல கிளியர் கோட் இல்ல. வெறும் சிவப்புத்தான். செத்த சிவப்புக் கழண்டு வருது. உள்ளுக்கு நல்ல சிவப்பு இரிக்கி. கிளியர் கோட் உள்ள காரில ஸ்பொஞ்சில நிறம் வந்தாத்தான் பயப்படணும்."

மருமகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஒங்களுக்கு எப்பிடி மாமா இதெல்லாம் தெரியும்?"

"துபாயில கண்டிருக்கன்" என்றேன்.

அது பாதிதான் உண்மை.

ஊரில் நான் துபாயில் 'கம்பனியில' இருந்தவன். உயர்தரம் எழுதிவிட்டு 2001இல் போனவன் நாலு வருடம் கழித்து வந்தான், ஆசிரியர் நியமனம் கிடைத்தது, அட்டாளைச்சேனை ஆசிரிய கலாசாலையில் பயின்றான் என்ற வரிசையில் அந்த நாலு வருடத்துக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. உண்மையில் அந்தக் காலம் முழுவதும் அல் கூஸ் பகுதியில் ஒரு கராஜில் பிறர் வாகனங்களைத் துடைத்துக் கொண்டிருந்தேன்.

அங்கே எனக்கு வேலை பழக்கியவர் மலப்புறத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நாம் காக்கா என்பதை அவர்கள் இக்கா என்பார்கள். ஆகவே அவர் எனக்கு இக்கா. அவர் பேசுவதில் பாதி விளங்காது. ஆனால் 'நம்மட' என்ற சொல் இருவருக்கும் பொதுவாக இருந்தது. 'நம்மட ஆள்', 'நம்மட சோறு' என்று அவர் சொல்லும்போது எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நிற்பதுபோலவே இருக்கும்.

இக்காதான் எனக்குப் பார்க்கக் கற்றுத் தந்தார். அங்கே வெயிலில் நிற்கும் காரெல்லாம் சிலந்தி வலை படிந்ததுபோலிருக்கும். காவலாளிகள் விடியற்காலையில் ஒரே அழுக்குத் துணியால் பத்துக் காரைத் துடைப்பார்கள். பாலைவனத்து நுண்மணல் அந்தத் துணியோடு சேர்ந்து கீறும். கீறல்கள் வட்டம் வட்டமாக இருப்பதாக நமக்குத் தோன்றுமே, அது கண்ணின் மயக்கம். கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன; ஒளிக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டும் மின்னுவதால் விளக்கைச் சுற்றி வலை பின்னியதுபோல் தெரிகிறது. விளக்கை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும். முதன்முதலாக அதைக் கண்டபோது நான் சிறுபிள்ளைபோல் விளக்கை அங்குமிங்கும் ஆட்டிக் கொண்டிருந்தேன்.

மினுக்குவது என்றால் கீறலை மூடுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ளதைத் தேய்த்து இறக்குவதுதான் அது. அந்தக் கண்ணாடிபோன்ற மேற்பூச்சின் தடிப்பு பெரும்பாலும் 40, 50 மைக்ரோன். தலைமயிர் ஒன்றின் தடிப்பைவிடக் குறைவு. ஒவ்வொரு தடவையும் அதிலிருந்துதான் எடுக்கிறோம், எடுத்தது திரும்பாது. மருமகனிடம் இப்போது தடிப்பு அளக்கும் கருவி இருக்கிறது. அதுவும் அடிப்பூச்சிலிருந்து மேற்பூச்சு வரை மொத்தத்தைத்தான் காட்டும், மேலே எவ்வளவு மிச்சம் என்று தனியாகச் சொல்லாது. எங்களிடம் அதுகூட இருக்கவில்லை. இக்கா புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். அவ்வளவுதான்.

மருமகனின் மெஷின் சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும். கூடுதலாக அமர்த்தினால் சுழற்சி நின்றுவிடும். பழகாத கையையும் அது ஓரளவுக்குப் பொறுத்துக்கொள்ளும். எங்களுடையது ஒரே அச்சில் நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு தடவை சுழலும் பழைய வகை; அதில் ஆட்டுரோமப் பேட் பூட்டியிருக்கும். கை அசையாமல் நின்றால் அது எரித்துவிடும். அதிலும் விளிம்புகள். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே விளிம்பிலிருந்து விலகி ஓடுவதால் அங்கே எப்போதும் மெலிவு. மெஷினின் முழுப் பாரமும் அங்கேதான் ஒரு கோட்டில் விழும். "விளிம்பில அமர்த்தண்டா" என்பதை இக்கா ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்குக் கணக்கில்லை. எனக்கு அப்போது மெஷின் தொட அனுமதியும் இல்லை. துடைப்பதும் நாடா ஒட்டுவதும் மட்டுமே என் வேலை.

2004 ரமழான் அது. அந்த மாதத்தில் ஒரு நாள் பள்ளிவாசலில் மலையாளி மௌலவி ஒருவர், பாவத்தால் உள்ளத்தில் விழும் கறும்புள்ளியையும் தவ்பாவினால் அது மினுக்கப்படுவதையும் பற்றிய ஹதீஸை விளக்கினார். விளங்காமல் விழித்த என்னிடம் இக்கா சைகையோடு பொருள் சொல்லிவிட்டு, "நம்மட பணி தன்னே" என்று சிரித்தார்.

கடைசிப் பத்தில் ஒரு கருநீலப் போர்ஷே 911 வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி வண்டி, மெட்டாலிக் நிறம். பின்சில்லுகளுக்கு மேலே உடல் இடுப்புப்போல் புடைத்து, ஒரு தையல்கூட இல்லாமல் அப்படியே கூரைவரை ஏறிப் போகும். அழகான வண்டி என்று சொன்னால் போதாது. இக்கா அதில் இரண்டு நாள் வேலை செய்தார். இரண்டாம் நாள் அஸர் நேரம் இடப்பக்கம் முடித்து, நாடாவைக் கழற்றிவிட்டுத் தொழப் போனார். நான் பிறகு தொழுவதாகச் சொல்லி நின்றுகொண்டேன்.

விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். பின்சில்லின் வளைவு விளிம்புக்குச் சற்று மேலே மெல்லிய கீறல் ஒன்று மிச்சமாக இருந்தது. இக்கா அதைக் காணவில்லை என்று நினைத்தேன். கண்டுதான் விட்டுவைத்திருக்கிறார் என்று இப்போது நிச்சயமாகத் தெரியும். மெஷினை எடுத்தேன். மூன்று விநாடி, கூடினால் நாலு. ஒரு மணம் வந்தது. தூக்கிப் பார்த்தால் வெள்ளை ரோமத்தில் நீலம்.

பெருவிரல் நகமளவு இடம். நடுவில் ஒளி செத்து, சுற்றிவரப் பளபளக்கும் ஒரு வளையம். நோன்பின் களைப்பு போன இடம் தெரியவில்லை. ரோமத்தைத் தூரிகையால் உரஞ்சி நீலத்தை எடுத்தேன். அந்த இடத்தில் மெழுகை இரண்டு தடவை பூசித் துடைத்தேன். விளக்கு வெளிச்சத்துக்கு அது மறைந்துவிட்டது. இக்கா வந்தபோது மெஷின் இருந்த இடத்தில் இருந்தது.

மெழுகு நாலு கழுவலுக்குத் தாங்காது. பெருநாள் கழிந்து சில நாட்களில் வண்டி திரும்பி வந்தது. போர்மன் எல்லோரையும் வெயிலுக்கு அழைத்து விரலை வைத்துக் காட்டினார். "யார்?" இக்கா குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என்னை ஒரு கணம் பார்த்தார். நான் பேசுவதற்கு அந்தக் கணம் போதுமானதாக இருந்தது என்பதை இங்கே எழுத வேண்டும். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜொப் கார்ட் என்னுடையது" என்றார் இக்கா.

தையல் இல்லாத உடல் என்றேனே, அதனால் அந்த நகமளவு இடத்துக்காகக் கூரை ஓரம் வரைக்கும் பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. செலவில் பாதி, 1,200 திர்ஹம், அவர் சம்பளத்தில் மாதம் 300ஆக வெட்டப்பட்டது. அவருக்கு மாதம் கிடைத்ததே 1,200தான். அன்றிரவும் அவர் எனக்குச் சேர்த்தே கறி ஆக்கினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் என்னை நானே சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

டிசம்பர் சம்பளத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவது என்றிருந்தேன். டிசம்பர் 26 வந்தது. எங்கள் ஊர்க் கரைக்கு என்ன நடந்தது என்பதை இந்தச் சஞ்சிகையிலேயே பலர் எழுதிவிட்டார்கள். நான் அதை எழுதப் போவதில்லை. வீடு போயிற்று, உயிர்கள் தப்பின. நான்காம் நாள் எனக்கு டிக்கெட் கிடைத்தது. கராஜில் எல்லோரும் சேர்த்துக் கொடுத்த பணம் தவிர, இக்கா தனியாக 200 திர்ஹத்தை மடித்து என் சேட்டுப் பையில் வைத்தார். "உம்மாக்கு" என்றார். விமான நிலையத்தில் அதை எண்ணியபோது, அது வெட்டியது போக மிஞ்சிய சம்பளத்தின் பங்கு என்பதை நினைக்காமலிருக்க முடியவில்லை. இருந்தும் எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.

அதன்பின் துபாய் போகவில்லை. 2006இல் அறைத் தொலைபேசிக்கு எடுத்தபோது அவர் ஊரோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். சில வருடம் கழித்து ஒரு ஆலிமிடம், 'ஒருவருக்கு' இப்படி நேர்ந்தால் என்ன சட்டம் என்று கேட்டேன். உரியவரிடம் கொடுக்க வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும், தேடியும் கிடைக்காவிட்டால் அவர் பெயரில் ஸதகா செய்யலாம் என்றார். 2009இல் 37,000 ரூபாவை ஓர் அநாதை இல்லத்துக்குக் கொடுத்தேன். அன்று திர்ஹம் 31 ரூபா. 1,200ஐ 31ஆல் பெருக்கி, மீதி இருநூறைத் தள்ளிவிட்டேன். கணக்குப் பாடத்தில் பிள்ளைகளுக்கு நான் அனுமதிக்காத தள்ளுபடி அது. இப்போது திர்ஹம் 80 ரூபாவைத் தாண்டி நிற்கிறது. ஆனால் என் பிரச்சினை நாணய மாற்று அல்ல. ஆலிம் 'தேடியும்' என்றார். நான் தேடவில்லை. திரூருக்குப் பக்கம் என்பது தெரியும், ஊர்ப்பெயர் தெரியும், பள்ளிவாசலுக்கு எதிரே மீன்கடை வைத்திருக்கும் தம்பி இருந்ததும் தெரியும். ஹக்குல் இபாத் பற்றி மாணவர்களுக்கு வருடாவருடம் படிப்பிக்கிறேன்.

அன்று மஃரிபுக்கு முன் அந்த மஸ்டாவின் பொனட்டில் ஒரு சாண் இடம் மாதுளை முத்துப்போல் திறந்துகொண்டது. பையன் பயம் தெளிந்து சிரித்தான். மருமகன் ஸ்பொஞ்சைக் குழாயடியில் பிழிந்தான். தண்ணீர் சிவப்பாக ஓடி, ரோஸாகி, தெளிந்தது.

"துபாயில நீங்க மெஷின் பிடிச்சிருக்கீங்களா மாமா?" என்று மறுபடி கேட்டான்.

"ஒரு தரம்" என்றேன்.

அவன் இந்தச் சஞ்சிகை வாசிப்பவனல்ல. அச்சாகி வந்ததும் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்து, இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்ட இருக்கிறேன். தோஹாவில் அவனோடு அறையில் இருந்தவர்களில் பாதிப்பேர் மலப்புறத்துக்காரர்கள். கைத்தொலைபேசியில் அவர்களோடு இன்னும் தினமும் பேசுகிறான்.