எந்த செட்டு?

நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஆண்டகலூர் கேட் தாண்டி மல்லூர் வரும்வரை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் வாயைத் திறக்கவில்லை. சாலையோர மரவள்ளிக் காடுகளில் இலைகள் எல்லாம் திரும்பி, வெளுத்த பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. அம்மியையே நகர்த்தும் என்று பேர் வாங்கிய ஆடிக் காற்று.

“இந்தக் காத்துக்கு மேல் வரிசை பல்பு நிக்காது” என்றார்.

பக்கத்தில் இருந்த மனைவிக்குப் புரிந்தது. பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் புரியவில்லை. அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த கதை. அதற்கு முன்னால், 1993 முதல் 2002 வரை, அவர் ராட்டினத்தில் வேலை பார்த்தவர். பொருட்காட்சிகளில் நிற்குமே, இராட்சத ராட்டினம், அதில். விட்டு வந்த பிறகு ஒரு முறைகூட அந்தப் பக்கம் போனதில்லை. இந்த ஆடிக்கு மகள் பிடிவாதம் பிடித்ததால், சேலம் பொருட்காட்சிக்கு டிக்கெட் வாங்கும் ஆளாகப் போய்க்கொண்டிருந்தார்.

ராட்டினக்காரர்களுக்குத் தனியாக ஒரு நாள்காட்டி உண்டு. பங்குனியில் விருதுநகர். சித்திரையில் மதுரை. அது முடிகிற சமயத்தில் தேனிப் பக்கம் வீரபாண்டி. ஆடியில் சேலம், அதே மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை. ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடியேறும், செப்டம்பர் 8 வரை அங்கே. மார்கழி, தை என்றால் சென்னைத் தீவுத்திடல். எல்லா ஊருக்கும் ஒரே செட்டு போவதில்லை, ஆளாளுக்குப் பிரித்துக்கொள்வார்கள். ‘செட்டு’ என்பது ராட்டினம், கொலம்பஸ், டோரா டோரா, பிரேக் டான்ஸ், மரணக் கிணறு, அவற்றை ஏற்றிவரும் லாரிகள், கூட வரும் ஆட்கள் எல்லாம் சேர்ந்த ஒரு குடும்பம். யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி ஊரோ சாதியோ அல்ல, “எந்த செட்டு?” என்பதுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த உலகத்தைப் பாராட்டலாம்.

சேலத்தில் இறங்கியதும் கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டார்கள். ஆடி பிறந்தால் ஊரே மாரியம்மன் ஊராகிவிடும். குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும். ஆட்கள் சாமி வேடம் கட்டி, அலங்கரித்த வண்டிகளில் புராணக் காட்சிகளாக நின்றபடி தெருவெல்லாம் ஊர்வலம் வருவார்கள். காசு வாங்கிக்கொண்டு கற்பனை உலகத்தைக் காட்டும் பூங்காக்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, காசில்லாமல் அதைச் செய்துகொண்டிருந்த ஊர் இது.

பொருட்காட்சிக்கு மாலையில்தான் களை கட்டும். நடுவில் கிடைத்த நேரத்தில் மகளின் விருப்பப்படி ஏற்காடு சாலைக்குப் போனார்கள், மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள. டி.ஆர்.சுந்தரம் 1930-களின் நடுவில் தொடங்கிய ஸ்டுடியோ. நூறு படங்களுக்கு மேல் எடுத்த இடம். 1956-ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ இங்கிருந்துதான் வண்ணத்தில் போனது. அரண்மனை, சந்தை, குகை என்று எத்தனையோ உலகங்களைக் கட்டிப் பிரித்த அந்த ஸ்டுடியோவில் மிஞ்சியது வளைவு ஒன்றுதான்.

வளைவை மேலும் கீழும் பார்த்தவர், “நாங்க பிரிச்சா ஒரு போல்ட்டைக்கூட விட்டுட்டுப் போக மாட்டோம்” என்றார். மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, தொழில் நுணுக்கமாகத்தான் சொன்னார். திடலில் கடைசி லாரி கிளம்பும்போது குழி மூடியிருக்க வேண்டும், ஒரு ஆணிகூடக் கிடக்கக் கூடாது. போல்ட் எண்ணிக்கை குறைந்தால் அடுத்த ஊரில் ராட்டினம் எழும்பாது.

அவர் காலத்தில் பொருட்காட்சி போஸ் மைதானத்தில் நடந்தது. இந்த முறை புதிய பேருந்து நிலையத்துக்கு அருகேயுள்ள திடல். செய்தி மக்கள் தொடர்புத் துறை நடத்துவதால் முன்பக்கம் முழுக்க அரசுத் துறை அரங்குகள். மக்கள் அவற்றை மரியாதையாக, வேகமாகக் கடந்து டெல்லி அப்பளக் கடையில் போய் நிற்கிறார்கள். முறத்தளவு அப்பளம், மேலே மிளகாய்த் தூள். அதை உடைக்காமல் கையில் ஏந்திக்கொண்டு கூட்டத்தில் நடப்பதே ஒரு விளையாட்டுதான். மூன்று பேரும் அப்பளத்தோடு ராட்டினத்துக்கு எதிரே போய் நின்றார்கள்.

மகள் மேலே பார்த்தாள். அவர் கீழே பார்த்தார்.

கீழேதான் விஷயம் இருக்கிறது. மண் எப்படிப்பட்டது, ஸ்லீப்பர் கட்டைகளை எத்தனை அடுக்கு போட்டிருக்கிறார்கள், கட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறதா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? தண்ணீர் நிரப்பிய ட்யூபைப் பிடித்து மட்டம் பார்க்கத்தான் அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தார்கள். அடியில் ஒரு விரல்கடை சாய்ந்தால் உச்சியில் ஒரு முழம் சாயும். அவர் ஓட்டியது டீசல் எஞ்சின். விளிம்பைச் சுற்றிய ஒயர் ரோப் இழுக்க ராட்டினம் சுற்றும். இப்போது மின் மோட்டார். விளிம்பை அழுத்தியபடி ரப்பர் டயர்கள் உருண்டு தள்ளுகின்றன. சத்தம் பாதியாகிவிட்டது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. சத்தம் மாறுவதை வைத்துத்தான் அந்தக் காலத்தில் கோளாறைக் கண்டுபிடிப்பார்கள்.

இரண்டாவது கலை ஆள் ஏற்றுவது. வரிசையில் நிற்பவர்களை வரிசையாகவே ஏற்றிவிட முடியாது. ஒரு தொட்டியில் நாலு பேர் ஏறினால், ராட்டினத்தைப் பாதி சுற்றி, நேர் எதிர்த் தொட்டிக்கு அதே அளவு எடையைப் போட வேண்டும். இல்லாவிட்டால் கனத்த பக்கம் தானாகக் கீழே வரப் பார்க்கும், பிரேக்கும் மோட்டாரும் திணறும். அதனால் ராட்டினக்காரன் வரிசையைப் பார்ப்பது நம்மைப் போல அல்ல. முகம் அவனுக்குத் தெரியாது, எடைதான் தெரியும். ‘ரெண்டு பெரிசு ரெண்டு சிறிசு, அதுக்கு எதிரே மூணு பெரிசு’ என்று மனதுக்குள் கணக்கு ஓடும். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருக்கும் ஆஜானுபாகு ஒருவர் வந்தால் எதிர்த் தொட்டிக்குக் கல்லூரிப் பெண்கள் மூவர் தேவைப்படுவார்கள். யாரிடமும் சொல்லாத மரியாதையான கணக்கு.

ராட்டினத்தைக் கட்டிப் பிரித்து இடம் மாற்றும் சங்கதி புதிதல்ல. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்காக ஜார்ஜ் ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் கட்டியது 264 அடி உயரம். 36 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 60 பேர். பாரிஸ் ஈஃபிள் கோபுரத்துக்குப் போட்டியாகக் கட்டிய அந்தச் சக்கரமும் ஒரே இடத்தில் நிலைக்கவில்லை. பிரித்து சிகாகோவுக்குள்ளேயே வேறிடத்தில் நிறுத்தினார்கள். பிறகு மறுபடியும் பிரித்து 1904-ல் செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். 1906-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இந்தக் கதையைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “ரெண்டு தடவை பிரிச்சு மாட்டினாங்களா? அந்த எடையையா?” வெடி வைத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“மொத ஆளா ஏறணும்” என்று மகளிடம் சொன்னார். உள்ளே இருந்தவனுக்குத் தெரிந்த ரகசியம் அது. முதலில் ஏறுகிறவர்களுக்கு மற்றத் தொட்டிகள் நிரம்பும்வரை மெதுவாக ஒரு சுற்று, நின்று நின்று, இலவசம். ‘உச்சியில கொஞ்சம் நிறுத்துங்கண்ணா’ என்று பத்து ரூபாயை நீட்டிய புது ஜோடிகள் அவர் காலத்தில் ஏராளம். நிறுத்த வேண்டியதே இல்லை; கீழே ஆள் ஏற்றும்போது யாராவது உச்சியில் நின்றுதான் ஆக வேண்டும். அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாரா என்று மனைவி கேட்டார். பதில் இல்லை.

ஒன்பது வருடத்தில் அந்த உயரத்துக்கு அவர் எத்தனையோ முறை போயிருக்கிறார்: ஆரக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, பல்பு மாற்ற, கிரீஸ் போட. இடுப்பில் கயிறு கட்டும் பழக்கம் அன்று கிடையாது. ஆனால் தொட்டியில் உட்கார்ந்து போனதில்லை. கையில் வேலை இல்லாமல் மேலே போனது இதுதான் முதல் முறை. கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது மகளோ மனைவியோ அல்ல, அவர்தான்.

உச்சியில் நின்றது. சேலம் மலைகளுக்கு நடுவே உட்கார்ந்த ஊர் என்பது தரையில் நடக்கும்போது மறந்துபோகும். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே இருட்டில் கரைந்துகொண்டிருந்த கஞ்சமலை. சேர்வராயன் மலையில் ஏற்காட்டுக்கு ஏறும் வண்டிகளின் வெளிச்சம் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் தோன்றித் தோன்றி மறைந்தது. மகள் படம் பிடித்துக்கொண்டே இருந்தாள். காற்று தொட்டியை ஆட்டியது. “ஏனுங்க, இது இப்படித்தான் ஆடுமா?” என்று மனைவி காலை உள்ளே இழுத்ததில் ஒரு செருப்பு நழுவி, கீழே விளக்குகளுக்குள் போய்விட்டது.

அவர் அதைக் கவனிக்கவில்லை. எதிர்த் தொட்டியின் கதவுக் கொண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கும்போது அது நடந்தது. தங்கள் தொட்டியின் கதவை அவரே வெளியிலிருந்து சாத்தினார். கொண்டியைப் போட்டு, பின்னைச் செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். யோசித்துச் செய்ததல்ல. லீவர் பக்கத்தில் நின்ற பையன், இருபது வயதுகூட இருக்காது, திரும்பிப் பார்த்தான்.

“அண்ணா, நீங்க எந்த செட்டு?”

அவர் சொன்னார். அந்த செட்டு இப்போது இல்லை. பையன் கேள்விப்பட்டதும் இல்லை. ஆனாலும் தலையாட்டினான். காற்று கூடினால் நிறுத்திவிடுகிறீர்களா என்று இவர் கேட்டார். நிறுத்திவிடுவதாகவும், தொடங்கும் முன்பே பொதுப்பணித் துறையிலிருந்து வந்து சோதித்ததாகவும் பையன் சொன்னான். சாப்பாடு? இப்போதும் ராட்டினத்துக்குப் பின்னாலேயே அடுப்பு, மாறி மாறிச் சமையல். படுக்கை? கீழேதான், பலகை மேல். அடுத்த ஊரையும் சொன்னான். அதற்குள் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போடத் தொடங்கிவிட்டார்கள்.

மனைவி ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். அவர் எதையும் தேடாமல் டிக்கெட் கொடுக்கும் மேசைக்குப் பின்பக்கம் போனார். அங்கே ஒரு பலகையில் அன்று மாலை விழுந்த ஒற்றைச் செருப்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு டப்பாவில் கொண்டை ஊசிகள், ஒரு ஜிமிக்கி, கொஞ்சம் சில்லறை. நான்காவதாக இருந்தது அவர்களுடையது.

“ஒம்போது வருசம் இதைத்தான் பொறுக்கிட்டு இருந்தீங்களா?”

“ஒரு தடவை பல்செட்டு” என்றார். “மூணு நாள் வச்சிருந்தோம். பெரியவர் வரவே இல்ல.”

பேருந்து நிலையத்தில் நாமக்கல் வண்டி எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது.