நிறுத்துகிறவர்கள்

கோவை கணபதியில் லேத் பட்டறைகள் நெருங்கிக் கிடக்கும் ஒரு தெருவின் கடைசியில் இருக்கிறது அந்த ஒர்க்‌ஷாப். பெயர்ப்பலகை கிடையாது. தேவைப்படுகிறவர்கள் விசாரித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நான் போனபோது பழைய ஹோண்டா சிட்டி விடெக் ஒன்று சக்கரங்கள் கழற்றப்பட்டு ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. 1.5 லிட்டர் இன்ஜின், 106 குதிரைத்திறன், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 2000-இல் வந்த இந்தக் காரை அதன் ஓட்டத்துக்காகவே இன்றும் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்கள் உண்டு.

கோவைக்கு வேகம் புதிதல்ல. கரிவர்தன் ரேஸ் கார்களைக் கட்டிய ஊர் இது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் ஊரும் இதுதான். இன்ஜினில் எத்தனை குதிரைத்திறன் கூட்டலாம் என்று இங்கே டீக்கடையில்கூடப் பேச்சு நடக்கும். அந்த வேகத்தை அடக்குகிற வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அந்த வேலையைப் பார்க்கத்தான் போனேன்.

காரின் சொந்தக்காரர் வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கியிருக்கிறார். 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் இறங்கியபோது பெடல் பஞ்சாக அமுங்கி அடிவரை போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, கியரைக் குறைத்து, ஓரம் கட்டி நின்றிருக்கிறார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கல்லு மாதிரி இருந்ததாம். பெரிய டிஸ்க் போட்டே தீர வேண்டும் என்ற முடிவோடு வந்திருந்தார்.

"போடலாங்க. அதுக்கு முன்னாடி இருக்கறது ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாத்துக்கலாமுங்க" என்றார் மெக்கானிக். ஐம்பதைத் தாண்டியவர். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர்.

முதலில் பார்த்தது பிரேக் ஆயில். சிரிஞ்சில் உறிஞ்சி வெளிச்சத்தில் காட்டினார். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது டீ டிக்காஷனாகக் கறுத்திருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 155-க்கு இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால், டிஸ்க்கைப் பேடால் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியாகிறது. நீர்மத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் பெடல் உள்ளே போகிறது, டிஸ்க்கைப் பிடிப்பதில்லை. ஆறியதும் ஆவி மறுபடி நீர்மமாகிவிடும், பெடலும் திரும்பிவிடும். பலர் இந்த இடத்தில்தான் ஏமாந்து, 'சரியாகிவிட்டது' என்று வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அடுத்து இடப்பக்க முன் காலிப்பரைக் கழற்றினார்கள். உள் பேட் தேய்ந்து தகடு தெரிந்தது, வெளி பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. காலிப்பர் நகர்ந்து கொடுக்க வேண்டிய ஸ்லைடு பின் துருவேறி இறுகிப்போனதன் விளைவு இது. சுத்தியலால் தட்டி, முறுக்கி, கடைசியில் வைஸில் பிடித்துத்தான் அதை உருவ முடிந்தது. முன்பு யாரோ சாதாரண கிரீஸைப் பூசியிருந்ததில் ரப்பர் பூட் ஊதிப் பிதுங்கியிருந்தது. மெக்கானிக் அதை விரலால் நசுக்கிக் காட்டினார். பெட்ரோலிய கிரீஸ் பிரேக் ரப்பருக்கு ஆகாது, சிலிகோன் கிரீஸ்தான் போட வேண்டும். விலை வித்தியாசம் அற்பம்.

பிரேக் அடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது என்பது இன்னொரு புகார். "டிஸ்க் பெண்டு" என்று சொல்லிப் புது டிஸ்க் விற்பது சுலபம். இவர் ஹப்பின் முகத்தில் படிந்திருந்த துருவை எமரி ஷீட்டால் தேய்த்து எடுத்துவிட்டு, அதே டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, டயல் கேஜை வைத்துச் சுற்றினார். முள் முன்பு ஆடிய ஆட்டத்தில் பெரும்பகுதி போய்விட்டது. ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மயிரிழைத் துரு இருந்தாலும் டிஸ்க்கின் விளிம்பில் அது பெரிதாகத் தெரியும்.

பெரிய பிரேக் எதற்கு என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதிலைக் கார் வைத்திருக்கும் எல்லோரும் கேட்க வேண்டும். ஒரே ஒரு முறை அழுத்தி நிறுத்தினால் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்வது டயரின் பிடிப்பு. இருக்கிற பிரேக்கே சக்கரத்தை இறுக்கி நிறுத்தும் வலுவோடு இருந்தால், டிஸ்க்கைப் பெரிதாக்குவதால் அந்தத் தூரம் குறையாது. பெரிய டிஸ்க்கின் வேலை சூட்டைத் தாங்குவது. 1,100 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு முறை நின்றால், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவுக்கு வெப்பம் உண்டாகிறது. வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. அதில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பேடிலும் டிரம்மிலும்தான் இறங்குகிறது. டிராக்கிலும் மலையிலும் திரும்பத் திரும்ப நிறுத்துகிறவருக்குப் பெரிய டிஸ்க் தேவை. அவிநாசி ரோட்டில் ஆபீஸ் போய் வருகிறவருக்கு நல்ல டயரும் புது ஆயிலும் போதும்.

இந்தக் காரின் சொந்தக்காரர் செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர். அதனால் மெக்கானிக் சம்மதித்தார். ஆசைக்காக மட்டும் கேட்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். துளை போட்ட டிஸ்க் வாங்கித் தந்தால் மாட்ட மாட்டார். துளையைச் சுற்றி வெடிப்பு விடும், சூட்டை வாங்குகிற இரும்பும் குறைகிறது என்பது அவர் காரணம். அவர் சொல்வதே எனக்கும் சரியென்று படுகிறது.

பெரிய காலிப்பர் உக்கடத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. காலிப்பர் மட்டும் பழையது. சீல், பேட், டிஸ்க், ஹோஸ் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும், அதில் பேரமே இல்லை. பிஸ்டன் விட்டம் பழைய காலிப்பருக்கு நெருக்கமாக இருக்கிறதா என்று வெர்னியரில் அளந்தபிறகே எடுத்தார். பிஸ்டன் மிகவும் பெரிதானால் அதே மாஸ்டர் சிலிண்டரால் அதற்கு ஆயில் தள்ளிக் கட்டுப்படியாகாது, பெடல் நீளும். ரிம்முக்குள் அடங்குமா என்பதை அட்டையில் வெட்டிய மாதிரியை வைத்துச் சோதித்தார்கள். பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வில் கை வைக்கவே இல்லை. பின் சக்கரம் முதலில் இறுகினால் கார் சுழன்றுவிடும்.

காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் இரண்டு வீடு தள்ளியிருக்கும் லேத்தில் உருவானது. அங்கிருந்த டர்னர் ஈஎன்8 ஸ்டீல் கட்டையை மில்லிங்கில் வைத்து, ஓட்டையின் மையத்தை மூன்று தரம் சரிபார்த்துத்தான் டிரில்லை இறக்கினார். "இது பம்புக்குப் போற சாமான் இல்லீங்க, ஆள் உயிரு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

எனக்கு மனம் பொறுக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். பின் டிரம்மைக் கழற்றியதும் கறுப்புத் தூள் கொட்டியது. பெரும்பாலான பட்டறைகளில் ஏர் கன்னால் ஒரே ஊதாக ஊதிவிடுவார்கள், பையன்கள் அதன் நடுவில்தான் நிற்பார்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அது நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடியது. இந்தப் பட்டறையில் ஸ்பிரே பாட்டிலால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுகிறார்கள். அதற்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம்.

கடைசி வேலை ஏர் எடுப்பது. பையன் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தான். மெக்கானிக் சக்கரத்தடியில் படுத்து நிப்பிளைத் திறந்தார். "அமுத்து." "புடிச்சுட்டேங்ணா." "உடாத... இப்ப உடு." பாட்டிலுக்குள் போன குழாயில் குமிழிகள் வந்தன, பிறகு சிறுத்தன, பிறகு ஆயில் மட்டும் வந்தது. அதன் பிறகும் நான்கைந்து தரம் செய்தார்கள். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சில் 108 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினார்கள். காலி ரோட்டில் 60-லிருந்து 10-க்குப் பல தடவை வேகத்தைக் குறைத்து, முழுசாக நிறுத்தாமல், பேடை டிஸ்க்கோடு பழக்கினார்கள்.

வேலை முடிந்ததும் கூலிச் சீட்டு நீட்டப்பட்டது. பாகங்களின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட வராத அந்தத் தொகையையும் குறைக்கச் சொல்லிக் கேட்கிறவர்கள்தான் அதிகம் என்றார் மெக்கானிக். அப்படிக் கேட்காதீர்கள். உங்கள் காரில் பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் அடுத்த மலைப் பயணத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். டிரம்மைக் கழற்றும்போது பக்கத்தில் இருந்தால், தூளை ஊதாமல் நனைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். அந்தப் பையனுக்காக அதை நாம்தான் கேட்க வேண்டும்.