அடைக்காத கடை

ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் என்று ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. அங்கே இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இன்றைக்குப் பஞ்சோடு எந்த விவகாரமும் கிடையாது. என் அப்பா அந்தப் பக்கம் ஒரு தரகுக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பேலைக் கண்ணால் பார்க்காமலே பேல் பேலாகப் பஞ்சு கைமாறும் கடை. ஒரு கைப்பிடி சாம்பிள் காகிதத்தில் சுருட்டி வரும். முதலாளி அதில் கொஞ்சம் கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மறுபடியும் இழுப்பார். கடைசியில் மிஞ்சுகிற மெல்லிய கற்றையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து இழை நீளம் பார்ப்பார். பிறகு கண்டிக்கு இவ்வளவு என்று ஒரே பேச்சு. ஒரு கண்டி என்பது 355 கிலோவும் சொச்சமும். சரக்கு குஜராத்திலோ மராட்டியத்திலோ ஏதோ ஒரு குடோனில் கிடக்கும்.

அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அக்கா மகன் பிட்காயின் பற்றி என்னிடம் பேச்செடுத்தபோது, கண்ணால் பார்க்க முடியாததை எப்படி வாங்குகிறாய் என்று நான் கேட்கவில்லை. கண்ணால் பார்க்காத பஞ்சை விற்று வீடு கட்டியவர்களையும், அதே பஞ்சில் வீட்டை விற்றவர்களையும் பார்த்து வளர்ந்தவன் நான்.

அவன் பேச ஆரம்பித்தது 2017 டிசம்பரில். ஒரு பிட்காயின் இருபதாயிரம் டாலரை நெருங்கிக்கொண்டிருந்த மாதம். இன்ஜினியரிங் முடித்த கையோடு, சம்பளத்தில் மிச்சம் பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வந்தான். 2018 ஏப்ரல் 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. கிரிப்டோ வியாபாரம் செய்கிறவர்களுக்கு வங்கிகள் எந்தச் சேவையும் தரக் கூடாது என்றது. காயின் இருக்கிறது, விலை இருக்கிறது, பணத்தை வங்கிக்குக் கொண்டுவரத்தான் வழியில்லை. 2020 மார்ச் 4இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பையன் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தான். அடுத்த வாரமே, மார்ச் 12 அன்று, கொரோனா பீதியில் பிட்காயின் ஒரே நாளில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் சரிந்தது.

"ஜெயிச்ச கேஸுல தோத்துட்டோம் மாமா" என்றான்.

ஊரடங்கில் கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. மைனிங் ரிக் அக்கா வீட்டு மாடிக்கு வந்தது அப்போதுதான், 2021இல். அலுமினியச் சட்டத்தில் ஆறு கிராபிக்ஸ் கார்டுகள். எத்தேரியம் என்ற காயினின் வரவு செலவைச் சரிபார்த்துப் பேரேட்டில் ஏற்றுவதற்கு உலகமெங்கும் கம்ப்யூட்டர்கள் போட்டி போட்டுக் கணக்குப் போடும், விடையை முதலில் பிடிக்கிறவருக்குக் காசு என்றான். தனியாகப் போட்டியிட்டால் எப்போது கிடைக்கும் என்றே சொல்ல முடியாது. அதனால் பூல் என்று பல பேர் கூட்டுச் சேர்ந்து, செய்த வேலைக்குத் தக்கபடி பங்கு பிரித்துக்கொள்கிறார்கள்.

மாடிப்படி ஏறும்போதே இரைச்சல் கேட்கும். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து மில் சங்குக்கு எழுந்து மில் சங்குக்குப் படுத்த ஊர்க்காரனுக்கு ராப்பகலாக ஓடும் மிஷின் புதிதில்லை. ஆனால் மில்லில் சூட்டையும் ஈரப்பதத்தையும் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆட்கள் உண்டு. இங்கே அவன் ஒருவன்தான். சித்திரை வெயிலில் அந்த அறையில் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. ஜன்னலைக் கழற்றி எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தான். கார்டுகளின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, குடிக்கிற கரண்டை நிறையக் குறைத்தான். வாரம் ஒரு நாள் பெயிண்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு ஃபேன் இறக்கையிலும் படிந்த தூசியைத் தட்டுவான். ஐப்பசி மழையில் துணி காயாத நாளில் அக்கா ஈரச் சேலையைக் கொண்டுபோய் அந்த அறையில் கொடி கட்டிக் காயப் போட்டாள். அரைமணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. அவன் தலையில் அடித்துக்கொண்டான்: "அம்மா, அது மூணு லட்ச ரூபா மிஷின்மா!" அக்கா அசரவில்லை. "மூணு லட்சத்துக்கு இதாவது பிரயோசனமா இருக்கட்டும்."

மாதாமாதம் பராமரிப்புக்கென்று காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரை ஷட்டவுன் இருக்கும். அன்று மிஷின் சும்மா கிடக்கும். கரண்ட் திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறி ஒருமுறை பவர் சப்ளை கருகிவிட்டது. எனக்கு 2012 ஞாபகம் வந்தது. சென்னையைத் தாண்டிய ஊர்களில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த காலம். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி நூல் நூற்றால் ஒவ்வொரு கிலோவும் நட்டம். நிறுத்தினால் ஆட்கள் போய்விடுவார்கள். முன்யோசனை உள்ள மில்காரர்கள் கயத்தாறு, முப்பந்தல் பக்கம் காற்றாலை நட்டிருந்தார்கள். மிஷின் ஓட்டுகிறவனுக்குச் சரக்கின் விலைக்கு முன்னால் கரண்டின் விலை தெரிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம்.

பையனும் அதைத் தெரிந்துதான் வைத்திருந்தான். ரிக் மட்டும் ஒரு நாளைக்கு இருபது யூனிட் தின்றது. முதல் நூறு யூனிட் இலவசம் என்பதெல்லாம் ஐந்து நாளில் கரைந்துவிடும். ஐந்நூறைத் தாண்டிய யூனிட்டுக்கு அப்போது 6 ரூபாய் 60 காசு. வீட்டுச் செலவும் சேர்ந்து இரண்டு மாத பில் எட்டாயிரத்தைத் தொட்டது. அதைக் கழித்தும் 2021இல் மிச்சம் நன்றாகவே இருந்தது. அந்த நவம்பரில் பிட்காயின் அறுபத்தெட்டாயிரம் டாலரைத் தாண்டியது. எத்தேரியமும் கூடவே ஏறியது.

அவன் ஒழுங்காகத் தூங்காமல் போனது மிஷினால் அல்ல. மிஷினுக்குச் செய்ய வேலை உண்டு. தூசி தட்டலாம், சூடு பார்க்கலாம், பழுதானதை மாற்றலாம். கைக்கு வேலை இருக்கும்வரை மனசு அதன்பின்னால் போகிறது. அவனைப் படுத்தியது சம்பாதித்த காயினை எப்போது விற்பது என்ற கேள்விதான். பங்குச் சந்தை மூன்றரை மணிக்கு மூடும், சனி ஞாயிறு விடுமுறை. கிரிப்டோவுக்குத் தீபாவளியும் கிடையாது, அமாவாசையும் கிடையாது. அமெரிக்காக்காரன் விழித்திருக்கும் நேரம் நமக்கு நடுராத்திரி. தண்ணீர் குடிக்க எழுந்தவன் விலையைப் பார்ப்பான், அப்புறம் விடியும்வரை பார்ப்பான்.

அப்பாவின் கடையில் பம்பாய் விலை காலையில் ஒரு டிரங்க் காலிலும் மத்தியானம் ஒரு டிரங்க் காலிலும் வரும். கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நடுவில் எது நடந்தாலும் தெரியாது. அந்தக் காலத்து ஆட்கள் மனக்கட்டுப்பாடு மிக்கவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. லைன் கிடைக்காததுதான் அவர்களுடைய மனக்கட்டுப்பாடு. ஆனால் லைன் சுலபமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அப்பா ஒரு வழக்கத்தை விடவில்லை. விளக்கு வைத்த பிறகு வீட்டில் விலை பேசக் கூடாது. வாசலில் யாராவது வந்து நின்று, "நாளைக்கு ஏறுமா அண்ணாச்சி?" என்றால், "காலைல கடைக்கு வாங்க" என்பார். ராத்திரியில் லாபமும் பெரிதாகத் தெரியும், நட்டமும் பெரிதாகத் தெரியும் என்பது அவர் கணக்கு.

அதே விஷயத்தை ஆராய்ச்சிக்காரர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். நூறு ரூபாய் போனால் வரும் வலி நூறு ரூபாய் வந்தால் வரும் சந்தோஷத்தைவிடப் பெரியது என்று 1979இல் கானமன், டிவெர்ஸ்கி என்ற இருவர் எழுதினார்கள். பெனார்ட்ஸி, தேலர் என்ற இன்னும் இருவர் 1995இல் அதிலிருந்து ஒரு படி மேலே போனார்கள். ஏறி இறங்கும் சரக்கை அடிக்கடி பார்க்கிறவனுக்கு இறக்கம் அதிகத் தடவை கண்ணில் படும். வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிறவனுக்கு லாபமாகத் தெரிகிற அதே சரக்கு, தினமும் பார்க்கிறவனைப் பயமுறுத்தி விற்க வைக்கும். சரக்கில் மாற்றமில்லை, பார்க்கிற தடவையில்தான் மாற்றம்.

விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சிலேயே ஒரு கதை உண்டு. நியூயார்க் பருத்திச் சந்தையின் ஆரம்ப விலையும் முடிவு விலையும் பம்பாய்க்கு டெலிபிரிண்டரில் வரும். அந்த எண்களின்மேல் பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். 1961இல் நியூயார்க் விலை வருவது நின்றது. சூதாட்டம் நிற்கவில்லை. பஞ்சும் வேண்டாம், நியூயார்க்கும் வேண்டாம் என்று சீட்டு எடுத்து எண் சொன்னார்கள், அது மட்கா ஆயிற்று. தமிழ்நாட்டுப் போலீஸ் செய்திகளில் காட்டன் சூதாட்டம் என்று வருவதில் ஒரு நூல் பஞ்சுகூடக் கிடையாது.

2022 மே மாதம் இரண்டு சந்தைகளும் ஒன்றாகப் பேய் பிடித்து ஆடின. ஒரு வருடத்துக்கு முன் நாற்பத்தைந்தாயிரத்தைச் சுற்றி இருந்த பஞ்சு கண்டி ஒரு லட்சத்தைத் தாண்டியது. சின்ன மில்கள் உற்பத்தியை நிறுத்தின. அதே மாதம் லூனா என்ற காயின் எண்பது டாலரிலிருந்து ஒரே வாரத்தில் ஒன்றுமில்லாமல் போனது. பையனின் சிநேகிதன் ஒருவன், பாதி விலைக்கு வந்துவிட்டதே என்று வாங்கினான், பிறகு அதிலும் பாதிக்கு வந்ததே என்று வாங்கினான். அடுத்த வருடப் பிறப்புக்குள் பஞ்சும் அறுபதாயிரச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் பஞ்சு இறங்கினாலும் நூல் நூற்கலாம். லூனாவை வைத்து அக்கா சேலைகூடக் காயப் போட முடியாது.

அந்த 2022 ஆகஸ்டில் ஆடிப்பூரம். கொரோனாவால் இரண்டு வருடம் ஓடாத ஆண்டாள் தேர் ஓடியது. மரச் சக்கரத்தில் ஓடிய காலத்தில் நிலைக்கு வந்து சேர நாட்கணக்கில் ஆகும். இப்போது இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. ஆனாலும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோடு நடக்கிறார்கள். வடம் பிடித்து இழுக்கும் ஆயிரம் பேருக்கும் ஆவேசம். கட்டை வைத்திருக்கிறவனுக்கு மட்டும் ஆவேசம் கூடாது. கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சக்கரத்தையே பார்ப்பான். எங்கே கட்டை போட வேண்டும் என்பது தேர் கிளம்புவதற்கு முன்பே அவனுக்குத் தெரியும்.

"ஸ்டாப் லாஸ் போடுறது இதுதான் மாமா" என்றான் பையன். இந்த விலைக்கு இறங்கினால் தானாக விற்றுவிடு என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. போட்டாயா என்று கேட்டேன். போட்டானாம். விலை அந்தப் பக்கம் நெருங்க நெருங்க, கொஞ்சம் கீழே கொஞ்சம் கீழே என்று தள்ளித் தள்ளி வைத்தானாம்.

செப்டம்பர் வந்தது. 10ஆம் தேதி புதிய மின்கட்டணம். ஆயிரம் யூனிட்டுக்கு மேல் போனால் யூனிட் 11 ரூபாய். 15ஆம் தேதி பகல் பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் எத்தேரியம் மைனிங்கையே விட்டுவிட்டது. கணக்குப் போட்டியெல்லாம் வேண்டாம், காயினைப் பிணையாக வைத்தவர்கள் சரிபார்த்தால் போதும் என்று முறையை மாற்றிக்கொண்டது. நாள் குறித்து முன்பே சொல்லியிருந்ததால் அவன் தயாராகத்தான் இருந்தான். உலகத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் கார்டை விற்க வந்ததால் பாதி விலைகூடத் தேறவில்லை. அதற்கு அவன் பெரிதாகக் கலங்கவில்லை. இது கணக்கில் வருகிற நட்டம்.

கலங்கியது ஆடிட்டரிடம். 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஜூலையிலிருந்து விற்கும்போதே ஒரு சதவீதம் பிடித்தம். ஒரு காயினில் போன நட்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவு எதுவும் கழியாது. மைனிங் மிஷினுக்குப் போட்ட பணம் வாங்கிய விலையில் சேராது என்று மக்களவையிலேயே சொல்லிவிட்டார்கள். "அப்ப கரண்ட் பில்லு சார்?" என்றான். ஆடிட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்து முடிப்பதற்குள் அவனுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

2024 ஜூலை 18இல் வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ வியாபாரத் தளத்தில் இருபத்து மூன்று கோடி டாலர் அளவுக்குக் களவு போனது. லட்சக்கணக்கானவர்களின் கணக்கு முடங்கியது. விலை ஏறுவதைப் பார்க்க முடிந்தது, விற்க முடியவில்லை. அதில் ஒரு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, 2025 அக்டோபரில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் கிரிப்டோவும் சொத்துதான், ஒருவர் மற்றவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கத் தக்கது என்று உத்தரவிட்டார். பையன் இந்தச் செய்தி வந்த பேப்பரை மடித்து வைத்திருந்து எனக்குக் காட்டினான்.

களவு போனது பல கையெழுத்துப் பூட்டு போட்ட பெட்டியிலிருந்து என்றும் அவன்தான் விளக்கினான். ஒருவர் நினைத்தால் மட்டும் திறக்காது, குறித்த அளவு ஆட்கள் சம்மதித்தால்தான் பணம் நகரும். மல்டிசிக் என்று பெயராம்.

இப்போது அவனிடம் மிஷின் இல்லை. மாதம் ஒரு தொகைக்குக் காயின் வாங்குகிறான், எதற்காக வாங்கினேன் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வைக்கிறான். சாப்பாட்டுக்குப் பிறகு போனை அக்கா வாங்கி அஞ்சறைப் பெட்டிக்கு மேல்தட்டில் வைத்துவிடுகிறாள். பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும், போன் இருப்பது அவளிடம். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் ராத்திரியில் எதையும் விற்க முடியும். இதுதானே நீ சொன்ன மல்டிசிக் என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "என்ன எழவோ. பத்து மணிக்கு மேல போன் கிடையாது."