கொடிமலைக்கு எந்தப் பைனாகுலர்?

பினாங்குக் கொடிமலைக்கு ரயிலேறிப் போகிறவர்களில் பெரும்பாலோர் மேலே நின்று ஜார்ஜ்டவுன் நகரத்தையும் கடலையும் படம் பிடிப்பார்கள். திருமுருகன் ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு, ஏதாவது சாப்பிட்டு இறங்கிவிடுவார்கள். 1923 முதல் அந்த ரயில் மக்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் மலையின் உண்மையான சொத்து, அதைச் சுற்றியுள்ள காடு. 2021-இல் யுனெஸ்கோ இந்த மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது அதற்காகத்தான்.

அந்தக் காட்டின் ஓரமாகக் காலையில் நடக்கும்போது, தலைக்கு மேல் நீராவி ரயில் மூச்சு விடுவதுபோல் ‘உஸ்... உஸ்...’ என்று சத்தம் கேட்டால் நின்றுவிடுங்கள். அது பெரிய இருவாச்சியின் சிறகடிப்பு. மலாயில் ‘எங்காங் பாப்பான்’ என்பார்கள். மஞ்சள் அலகும் அதன் மேல் கொண்டை போன்ற புடைப்பும் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஆணா பெண்ணா என்று சொல்லத்தான் கண்ணைப் பார்க்க வேண்டும். ஆணின் விழி சிவப்பு, பெண்ணின் விழி வெள்ளை.

நல்ல பைனாகுலருக்கு இதைவிடச் சிறந்த பரீட்சை கிடையாது. நிழல் அடர்ந்த மரத்தில், ஐம்பது அறுபது மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவையின் விழி நிறம் தெரிகிறதா? தெரிந்தால் கொடுத்த காசு வீண் போகவில்லை.

எண்கள் சொல்லும் கதை

பைனாகுலரில் 8x42, 10x42, 10x25 என்று எழுதியிருக்கும். முதல் எண், பொருளை எத்தனை மடங்கு அருகில் காட்டுகிறது என்பது. இரண்டாவது எண், முன்பக்கக் கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். கடைக்குப் போகும் பலர் முதல் எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள். பத்து மடங்கு எட்டைவிட நல்லது, இருபது இன்னும் நல்லது என்று நினைக்கிறார்கள். கொடிமலையில் அந்தக் கணக்கு எடுபடாது.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 8x42 என்றால் 5.25. 10x42 என்றால் 4.2. சட்டைப்பையில் அடங்கும் 10x25 என்றால் 2.5. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது, மில்லிமீட்டரில். வெயிலில் நம் கண்மணி சுருங்கியிருப்பதால் 2.5 போதும். மர நிழலிலும் விடியலிலும் கண்மணி விரிந்து கூடுதல் ஒளி கேட்கும். அப்போது 10x25 காட்டுவதைவிட 8x42 காட்டும் காட்சி நான்கு மடங்கு வரை வெளிச்சமாக இருக்கும். அதோடு, மடங்கு கூடக் கூட கைநடுக்கமும் பெரிதாகும். கண்ணில் படும் பரப்பும் பெரும்பாலும் குறுகும். கிளைக்குக் கிளை தாவும் பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடும்.

மேலைநாட்டுக் கடைகளில் இதே 8x42-ஐ ‘வேட்டைக்கானது’ என்று விற்பதற்கும் இதுதான் காரணம். மான் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும். மங்கிய ஒளியில் தெளிவாகக் காட்டும் கருவிதான் வேட்டைக்காரருக்கு வேண்டும். பறவை பார்ப்பவருக்கும் அதேதான் வேண்டும்.

எவ்வளவு செலவழிக்கலாம்?

சுற்றுலாத் தலங்களில் ‘30x60’ என்று பெரிதாக எழுதி, முன்கண்ணாடி மாணிக்கம்போல் சிவப்பாக மின்னும் பைனாகுலர்களை விற்பார்கள். வாங்காதீர்கள். அந்தச் சிவப்புப் பூச்சு, சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இருவாச்சியின் சிவந்த விழி அதில் மங்கித்தான் தெரியும். மறுபுறம் ஸ்வரோவ்ஸ்கி, சைஸ் போன்றவற்றின் உயர்ந்த ரகங்கள் பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டும்.

குடும்பத்துக்கு ஒன்று வாங்க, 600 முதல் 1,300 வெள்ளி வரை ஒதுக்கினால் போதும். நிக்கான், வோர்ட்டெக்ஸ், செலஸ்ட்ரான் போன்ற நிறுவனங்களின் நடுத்தர ரகங்கள் இந்த எல்லையில் பார்க்கத் தக்கவை. பெட்டியில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: எல்லாக் கண்ணாடிகளுக்கும் பல அடுக்குப் பூச்சு, அதாவது ‘ஃபுல்லி மல்ட்டி கோட்டட்’, ‘பாக்-4’ முப்பட்டகம், ‘வாட்டர்புரூஃப்’, உள்ளே நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயு நிரப்பியது. கூடவே ‘இடி’ கண்ணாடியும் இருந்தால், பொருளின் ஓரத்தில் தெரியும் ஊதாக் கோடு குறையும்.

பினாங்கில் கடைசி இரண்டையும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் தீவு இது. சாதாரண பைனாகுலருக்குள் ஈரம் புகுந்தால், சில மாதங்களில் கண்ணாடியில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படரும். துடைக்கவும் முடியாது. வாயு நிரப்பி மூடியது என்றாலும், வீட்டுக்கு வந்ததும் ஈரம் போகத் துடைத்து, சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். தோல் உறைக்குள் மூடி அலமாரியில் போட்டுவிடாதீர்கள்.

கோபுரத்தைப் பார்த்து வாங்குங்கள்

கடைக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் எல்லாப் பைனாகுலரும் நன்றாகத்தான் தெரியும். வெளியே கொண்டுபோய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கம் என்றால், குயின் தெரு மகா மாரியம்மன் ஆலயக் கோபுரத்தைவிட நல்ல பரீட்சைப் பலகை கிடைக்காது. மாலை ஆறரை மணிக்குமேல், சூரியன் இல்லாத பக்கமாக நின்று பாருங்கள். வானத்தை ஒட்டிய சிலைகளின் ஓரத்தில் ஊதா அல்லது பச்சைக் கோடு தெரிகிறதா? வட்டத்தின் நடுவில் தெளிவாகத் தெரியும் சிலை, ஓரத்துக்குப் போனால் குழம்புகிறதா? நிழலில் உள்ள சிலையின் முகம் தெரிகிறதா? இரண்டு நிமிடம் பார்த்த பிறகு கண் இழுத்து வலிக்கிறதென்றால், இரு குழல்களும் ஒரே நேரில் இல்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் எல்லோரும் பயன்படுத்துவார்கள் என்றால் எல்லோரையும் அழைத்துப் போங்கள். மூக்குக்கண்ணாடி அணியும் அப்பாவுக்கு ‘ஐ ரிலீஃப்’ 16 மில்லிமீட்டராவது இருந்தால்தான் முழு வட்டமும் தெரியும். சிறு பிள்ளைகளுக்கு இரு கண்களுக்கும் இடைவெளி குறைவு. குழல்களை அந்த அளவுக்கு நெருக்க முடிகிறதா என்று பாருங்கள். எடை 600, 700 கிராமுக்குள் இருந்தால் பாட்டியும் கழுத்தில் மாட்டிக்கொள்வார்.

முதல் பயணம் எங்கே?

புதிதாக வாங்கியவர்கள் முதலில் தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். 1884-இல் தொடங்கிய பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட கறுப்புக் குரங்குகள் அங்கே நிதானமாக உட்கார்ந்திருக்கும். பைனாகுலரைச் சரிசெய்து பழக நல்ல துணை.

கொஞ்சம் கை பழகியதும் பாலம் கடந்து, பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவார் முதல் கோலா மூடா வரையுள்ள சேற்றுக் கரைக்குப் போங்கள். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை, வடக்கே வெகுதூரத்திலிருந்து கரைப்பறவைகள் வந்து தங்கும் இடம் அது. ரஷ்யாவின் கிழக்குக் கரையில் குஞ்சு பொரிக்கும், உலகிலேயே அரிய நார்ட்மன் பச்சைக்காலியும் அவற்றில் உண்டு. இங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, தூரம்தான் அதிகம். இப்படிக் கடலோரமே கதி என்று இருப்பவர்கள் 10x42 வாங்கலாம். 8x42 வைத்திருப்பவர்கள் கடல் ஏறும் நேரத்துக்குப் போனால் போதும். தண்ணீரே பறவைகளைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

கொடிமலையில் மட்டும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். இருவாச்சி முட்டையிடும் காலத்தில், பெண் மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்கிறது. ஒரு சிறு பிளவு வழியாக ஆண்தான் பழம் கொண்டுவந்து ஊட்டுகிறது. மனிதர்கள் கிட்டே போய் அதை மிரட்டினால் தாயும் குஞ்சும் பட்டினி. தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருவாச்சிக்கு முழுப் பாதுகாப்பு தருகிறது. அதை வேட்டையாடுவது குற்றம். ஆனால் ஆர்வத்தில் பொந்துக்கு அடியில் கூட்டம் போடுவதும் ஏறக்குறைய அதே தீங்கைத்தான் செய்யும்.

நல்ல பைனாகுலர் இருந்தால் கிட்டே போக வேண்டிய அவசியமே இல்லை. பாதையிலேயே நின்று, சிவந்த விழியுடைய ஆண் ஒவ்வொரு பழமாகக் கக்கி ஊட்டுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்குவது அந்தத் தூரத்தைத்தான்.