நாற்பத்தாறாம் நம்பர் பல்

போன ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து வறுத்த மல்லாட்டை தின்றுகொண்டிருந்தேன். வேர்க்கடலைக்கு என் மனைவியின் ஊரான இந்தத் திருவண்ணாமலைப் பக்கத்தில் அதுதான் பெயர். மணலில் போட்டு வறுத்ததில் ஒரு கல் தங்கிவிட்டது போலிருக்கிறது. வலது பக்கக் கீழ்க் கடைவாயில் ‘நறுக்’கென்று ஒரு சத்தம். அன்று இரவு தூக்கம் போயிற்று. இரண்டு நாளில் கன்னம் வீங்கி, போட்டோவில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

கோயிலுக்குக் கிட்டே கடைத்தெருவில் மாடியில் இருக்கும் ஒரு பல் டாக்டரிடம் போனோம். சின்னப் பெண், என் பேத்தியைவிட ஏழெட்டு வயது பெரியவளாக இருந்தால் அதிகம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, “ஐயா, பல்லு விரிசல் விட்டு நரம்பு வரைக்கும் சீழ் போயிருக்கு. வேர் நல்லா இருக்கு. எடுத்துடலாம், இல்லேன்னா ரூட் கனால் பண்ணி கேப் போடலாம். நீங்க சொல்லுங்க” என்றாள்.

எடுப்பதற்கு ஐந்நூறு ரூபாய். காப்பாற்றுவதற்குக் கேப்போடு சேர்த்து எட்டாயிரம். ஓசூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டேன். “எழுபத்தஞ்சு வயசுல எதுக்குப்பா இதெல்லாம்? எடுத்துடுங்க, வலி போயிடும்” என்றான். நியாயமான பேச்சுதான். நானும் அந்த முடிவுக்கே வந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவள்தான், “ஏங்க, புடுங்க வேணாம். எவ்ளோ ஆனாலும் பரவால்ல, காப்பாத்திக்குங்க” என்றாள். சாதாரணமாக டாக்டர் முன்னால் வாய் திறக்காதவள். அவள் ஏன் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் இரண்டு தடவை போனது பல்லைக் குடைந்து சுத்தம் செய்வதிலேயே கழிந்தது. வாய்க்குள் ஒரு ரப்பர் துணியை விரித்து அந்த ஒரு பல்லை மட்டும் வெளியே தெரியும்படி மாட்டிவிடுகிறார்கள். உள்ளே ஊற்றும் மருந்து, நகராட்சித் தண்ணீர்த் தொட்டி கழுவிய அன்று வரும் பிளீச்சிங் பவுடர் வாசனை. வேரின் நுனி எங்கே என்று பார்க்க ஒரு மின்கருவி, அது ‘பீப், பீப்’ என்று கத்துகிறது. டாக்டர் தன் உதவியாளரிடம் அடிக்கடி “ஃபோர் சிக்ஸ், ஃபோர் சிக்ஸ்” என்றாள். விசாரித்தால் அது என் பல்லின் நம்பர். வாயை நான்கு பாகமாகப் பிரித்து, நான்காவது பாகத்தில் நடுக்கோட்டிலிருந்து ஆறாவது பல். உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் இதே நம்பர்தானாம். இந்த முறையை வைத்திருக்கும் உலகப் பல் மருத்துவர் சங்கம் 1900-இல் பாரீஸில் ஆரம்பித்தது. அதனால்தான் இன்றும் அதன் பெயரை எஃப்.டி.ஐ. என்று பிரெஞ்சு எழுத்துகளில் சுருக்கிச் சொல்கிறார்கள். முப்பத்தைந்து வருஷம் கோப்புக்கு நம்பர் போட்டு வாழ்ந்தவன் நான். என் வாயிலும் ஒருவர் நம்பர் போட்டு வைத்திருந்தது எனக்குப் பிடித்துப்போயிற்று.

மூன்றாவது தடவைதான் விஷயம். சுத்தம் செய்த குழாய்களை அடைக்க வேண்டும். அந்தப் பெண் ஒரு சின்னத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாள். குழந்தைகள் தீபாவளிக்கு வைத்திருப்பது போன்ற வடிவம், பின்னால் ஒரு ஒயர், ஒரு சின்னத் திரையில் 200 என்று எண். “அது என்னம்மா?” என்றேன். “டிகிரி, ஐயா. இது சூடு பண்ற ஊசி. உள்ள ஜி.பி. உருகிட்டு இருக்கு. வேருக்குள்ள விட்டா ஆறினதும் கெட்டியாயிடும்.” இருநூறு டிகிரி! தண்ணீர் கொதிப்பதே நூறில். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஜி.பி. என்றால் என்ன என்று ரப்பர் துணிக்கு நடுவே எப்படியோ கேட்டேன். “கட்டாபர்ச்சா” என்றாள்.

எனக்கு அந்த நாற்காலியிலேயே அறுபத்தைந்து வருஷம் பின்னால் போய்விட்டது.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். ‘லெசோன் த ஷோஸ்’ என்று ஒரு பாடம் உண்டு. பொருள்களைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கும் பாடம். இன்று உப்பு, நாளை கண்ணாடி, அடுத்து ரப்பர். எங்கள் முசே ஒரு நாள் பழுப்பாக ஒரு கட்டியைக் கொண்டுவந்தார். கல் போல இருந்தது. அதை வெந்நீர்ச் செம்பில் போட்டு எடுத்துப் பிசைந்தார். சப்பாத்தி மாவு மாதிரி ஆயிற்று. தன் மோதிரத்தை அதில் அழுத்தி ஆற வைத்தார். மோதிரத்தின் அச்சு அப்படியே நின்றது. “கியுத்தாபெர்க்கா” என்றார். கரும்பலகையிலும் எழுதினார். பிரெஞ்சில் அப்படித்தான் உச்சரிப்பு. அதனால்தான் டாக்டர் சொன்னது எனக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. என் பல்லுக்குள் வரப்போவது எங்கள் முசேயின் பழுப்புக் கட்டி!

அன்று அவர் சொன்னதும், பிறகு நான் படித்துச் சேர்த்ததும் இது. கட்டாபர்ச்சா மலேயா, சுமத்திரா பக்கத்து மரம் ஒன்றின் பால். மலாய் மொழியில் ‘கெத்தா’ என்றால் மரப்பால், பிசின். அங்குள்ளவர்கள் வெந்நீரில் இளக்கிக் கத்திக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் இருந்த மாண்ட்கோமரி என்ற டாக்டர் அதைப் பார்த்து 1843-இல் லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். கடல் தண்ணீரில் கெடாது, மின்சாரத்தைக் கசிய விடாது. உடனே தந்திக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே போட்ட கடலடித் தந்திக் கம்பிக்கு இதுதான் உறை. 1870-இல் பம்பாய்க்கு வந்த கம்பிக்கும், அதை ஒட்டிச் சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்குப் போன கம்பிக்கும் இதே பால்தான். ஒரு மரத்தில் கிடைப்பது கொஞ்சம் பால், அதற்காக மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். அந்தத் தீவுகளில் மரமே அருகிப்போயிற்று.

பல் வேருக்குள் இதை முதலில் அடைத்தவர் அமெரிக்காவில் பௌமன் என்பவர், 1867 வாக்கில். கடல் கம்பிக்கு பிளாஸ்டிக் வந்துவிட்டது. பல்லுக்கு மட்டும் இன்னும் கட்டாபர்ச்சாதான். இப்போது வருவதில் ஐந்தில் ஒரு பங்குதான் மரப்பால், பெரும்பகுதி துத்தநாக ஆக்ஸைடு என்றாள் டாக்டர். உடம்பு அதை எதிர்ப்பதில்லை, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும், பின்னால் தேவைப்பட்டால் இளக்கி எடுத்துவிடவும் முடியும்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். சாதாரணமாக இந்தப் பொருளைக் குச்சி குச்சியாகக் குளிர்ந்தபடியே வேரில் செருகி, பசை போட்டு நெருக்குவார்கள். ஆனால் வேர்க்குழாய் நேரான குழாய் இல்லை. நம் ஊர்க் கிணற்று ஊற்றுப் போல, பக்கத்தில் சந்தும் பொந்துமாக ஓடும். உருக்கி விட்டால்தான் அந்தச் சந்தெல்லாம் நிறையும். எனக்கு முதலில் வேரின் அடிப்பகுதியில் ஒரு குச்சியை வைத்து, சூடான கம்பியால் மேல்பாகத்தை அறுத்து, மீதியை அமுக்கினாள். அதற்கு மேலேதான் துப்பாக்கி. குண்டூசித் தடிமனில் வெள்ளி ஊசி, வேண்டியபடி வளைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் விடுவாள், நிறுத்துவாள், மழுங்கல் கம்பியால் அமுக்கிப் பிடிப்பாள். மறுபடி கொஞ்சம்.

“ஒரேயடியா விட்டா ஆகாதா?” என்று பிறகு கேட்டேன். “ஆறும்போது சுருங்கும் ஐயா. அமுக்கிப் பிடிக்கலைன்னா இடுக்கு விழுந்துடும்.” இது எனக்குப் பாடமே தேவையில்லாத விஷயம். டெண்டர் உறைகளுக்கு அரக்கு உருக்கி முத்திரை வைத்தவன் நான். அரக்கு சொட்டின உடனே முத்திரையை வைத்தால் ஒட்டிக்கொண்டு வரும். தாமதித்தால் அச்சு விழாது. நடுவில் ஒரு கணம் இருக்கிறது, அதில் வைத்து, ஆறும்வரை கையை எடுக்கக் கூடாது. கையை எடுத்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும், மேலதிகாரி திட்டுவார். அந்தப் பெண் அமுக்கிப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தபோது, இவள் நல்ல குமாஸ்தாவாக வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். வேறு யாரையும் இதைவிட நான் புகழ முடியாது.

சூடு? இளஞ்சூடாக ஒரு நினைப்பு, அவ்வளவுதான். திரையில் 200 என்றாலும் ஊசியைத் தாண்டும்போது வெகுவாகக் குறைந்துவிடுகிறது, உள்ளே போவதும் துளியூண்டு. ஆனால் விளையாட்டில்லை. பல்லைச் சுற்றியுள்ள எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிஷம் இருந்தால் கெட ஆரம்பிக்குமாம். அதனால் ஊசியை ஓரிடத்தில் நிறுத்திவைப்பதில்லை.

உருக்கி ஊற்றி உடம்புக்குள் கெட்டியாக விடுகிற ஆசை பழசு. வியன்னாவில் கெர்சுனி என்ற அறுவை மருத்துவர் 1899-இல் வாஸலினை ஊசியில் ஏற்றிப் பள்ளமான இடத்தை நிரப்பிக் காட்டினார். பிறகு வந்தவர்கள் இன்னும் கெட்டியான பாரஃபின் மெழுகை உருக்கி விட்டார்கள். ஊசியிலேயே மெழுகு உறைந்துபோகாமல் இருக்க அதைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூக்கு நிமிர, கன்னம் உப்ப என்று ஐரோப்பாவில் ஒரே மோகம். கிளாடிஸ் டீக்கன் என்று பேரழகி ஒருத்தி, பின்னால் மார்ல்பரோ கோமகள் ஆனவள். மூக்குத் தண்டை நேராக்க மெழுகு போட்டுக்கொண்டாள். அது நாளடைவில் இறங்கி மோவாய்ப் பக்கம் போய் முகமே கோணிவிட்டது. வீட்டில் இதைப் படித்துச் சொன்னபோது இவள், “மூக்குல மெழுகா? நல்லா இருந்த மூக்குக்கு என்ன கேடு?” என்றாள். மெழுகுக்கு மூக்கில் சுவர் கிடையாது, என் பல்லுக்கு நாலு பக்கமும் சுவர் உண்டு என்று சொல்லிச் சமாதானம் செய்தேன்.

இப்போது இவள் விஷயம்.

1981-இல் எனக்குக் கீழ்நிலை எழுத்தர் சம்பளம். இரண்டு குழந்தைகள், அம்மா, தம்பி படிப்பு. இவளுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி வலித்தது. இலவசமாகப் பல் எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே பார்த்தவர், “காப்பாத்தணும்னா வெளியில போய் நரம்பு வைத்தியம் பண்ணிக்கலாம், செலவாகும்” என்று சொல்லத்தான் செய்தார். எவ்வளவு ஆகும் என்றுகூட நான் கேட்கவில்லை. எடுத்துவிடுங்கள் என்றேன். இவளைப் பார்த்து, “வலிக்காது” என்றேன். அடுத்த மூன்று வருஷத்தில் அதே மாதிரி இன்னும் மூன்று. நாலும் சாப்பிடுகிற பற்கள். ஒவ்வொரு தடவையும் “வலிக்காது”.

பிரெஞ்சில் ஒரு வழக்கு உண்டு. ஒருவன் வாய் கூசாமல் புளுகினால், ‘பல் பிடுங்குகிறவன் மாதிரிப் பொய் சொல்கிறான்’ என்பார்கள். சந்தையில் பல் பிடுங்கினவர்கள் வலிக்காது, வலிக்காது என்று கூவியதால் வந்தது. எங்கள் வீட்டில் பிடுங்கினவர் உள்ளதைச் சொன்னார். பொய் சொன்னவன் நான்.

இந்தச் சூட்டு ஊசி புதுசு, அப்போது இல்லை என்று என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். தேடினால் அதுவும் நிற்கவில்லை. உருக்கி அடைக்கும் முறையை பாஸ்டனில் ஷில்டர் என்பவர் 1967-இலேயே எழுதிவிட்டார். ஊசி வழியாக விடும் முறை 1977-இல் வந்துவிட்டது. அது எங்கள் பக்கம் வந்திருக்காது என்பது உண்மை. ஆனால் குளிர்ந்த குச்சி வைத்து அடைக்கும் சாதாரண வைத்தியம் அப்போதே ஊரில் இருந்தது. ஒரு மாதச் சம்பளத்தில் முடிந்திருக்கலாம். விலை கேட்காதவனுக்கு எப்படித் தெரியும்?

2011-இல் பல்செட் செய்து கொடுத்தேன். பல் போன இடத்தில் எலும்பு கரைந்துவிடுகிறது. செட் ஆடி ஆடிப் புண்ணாகி, இப்போது அலமாரியில் டப்பாவில் கிடக்கிறது. மல்லாட்டை விளையும் ஊரில் பிறந்தவள். அதை அவள் மென்று தின்று நாற்பது வருஷம் ஆகிறது.

கேப் மாட்டிய அன்று நேரே கோயிலுக்குப் போனோம். மூன்றாம் பிராகாரத்தில் தலமரமான மகிழ மரத்தடியில் கொஞ்சம் உட்கார்ந்தோம். கட்டாபர்ச்சா மரமும், மகிழமும், இலுப்பையும், சப்போட்டாவும் ஒரே குடும்பம் என்று தாவர நூலில் பார்த்திருந்ததைச் சொன்னேன். “மகிழம்பட்டைய கொதிக்கவச்சு எங்க ஆயா வாய் கொப்பளிப்பாங்க. சாகுற வரைக்கும் முழுப் பல்லு” என்றாள். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

வாசலில் புதுசாகப் பிடுங்கிய மல்லாட்டை விற்றார்கள். ஒரு படி வாங்கிவந்து உப்புப் போட்டு வேகவைத்தாள். எனக்கு உரித்துத் தட்டில் போட்டுவிட்டு, தன் பங்கைச் சின்ன உரலில் வெல்லத்தோடு நசுக்கினாள். நான் வலது பக்கத்தில் வைத்துக் கடித்தேன்.

“வலிக்குதா?” என்றாள், உரலிலிருந்து தலை தூக்காமல்.

“வலிக்கலை” என்றேன். நிஜமாகவே வலிக்கவில்லை.